ஆறு இஞ்ச் பலகை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் முட்டியில் ஒரு கோளாறும் கிடையாது. இரண்டு தடவை ஸ்கேன் எடுத்துப் பார்த்தாயிற்று. நாற்பத்து நாலு வயதுக்கு இப்படியொரு முட்டியா என்று ஸ்கேன் பார்த்த டாக்டரே ஆச்சரியப்பட்டார். அப்படிப்பட்ட முட்டியை வைத்துக்கொண்டு போன வருடம் பாதி நாள் நான் குளியலறைக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பின்பக்கமாகத் திரும்பி, கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, ஏணியில் இறங்குகிற மாதிரி இறங்கினேன். கண்டக்டர் கத்துவார். கத்திவிட்டுப் போகட்டும், அவருக்கு என்ன தெரியும்.

என் பெயர் பியூலா. பாளையங்கோட்டையில் பிசியோதெரபிஸ்ட். இருபது வருடமாக ஊரார் முட்டியை மடக்கி நீட்டுவதுதான் என் பிழைப்பு. என்னிடம் வந்தவர்கள் என்னைத் திட்டாமல் போனதில்லை, நானும் யாரையும் திட்டாமல் அனுப்பியதில்லை. இரண்டு பக்கமும் அது வாடிக்கை.

முப்பிடாதி வந்தது போன ஜனவரியில். ஆலங்குளம் பக்கத்துக் கிராமம். இருபத்து மூன்று வயது. அம்மா பீடி சுற்றுகிறவர். மாவட்டக் கபடி அணியில் ரெய்டு போகிற பெண், சும்மா இல்லை, ஏழு பேர் மேலே விழுந்தாலும் கோட்டைத் தொட்டுவிடுகிற பெண். ஒரு மேட்சில் திரும்பும்போது பாதம் அப்படியே நிற்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. முட்டிக்குள் 'டப்' என்ற சத்தம் வெளியே நின்றவர்களுக்கும் கேட்டதாம். முன்பக்கத் தசைநார் அறுந்துவிட்டது. தொடையின் பின்பக்கத்திலிருந்து நார் எடுத்து, முட்டிக்குள் துளை போட்டுக் கட்டினார்கள். கட்டியது டாக்டர் வேலை. அதை நம்பி நடக்க வைப்பது என் வேலை.

அக்டோபரில் போலீஸ் விளையாட்டு ஒதுக்கீட்டுத் தேர்வு. ஒன்பது மாதம் சரியாக இருந்தது. அதைத்தான் அவள் ஆபரேஷனுக்குப் பிறகு வந்த முதல் நாளே கேட்டாள்.

"அக்டோபருக்குள்ள ஓடிருவேனாக்கா?"

"மொதல்ல முட்டிக்குக் கீழ துண்டைச் சுருட்டி வச்சிருக்கேன்ல, அதை அமுக்குட்டி. அஞ்சு எண்ணுத வரைக்கும் பிடி. ஓடுதது அப்புறம்."

அமுக்கினாள், நீட்டினாள், காலைத் தூக்கினாள், எல்லாம் செய்தாள். மடக்கச் சொன்னால் மட்டும் தொடை கல்லாகிவிடும். எழுபது டிகிரியில் நின்றுவிடும். வலியா என்றால் இல்லை என்பாள். பின்னே என்ன என்றால் கண்ணில் தண்ணீர் முட்டும். "நான் ஒண்ணும் செய்யலக்கா, அதுவா இறுகிக்கிடுது." பொய் இல்லை. எனக்குத் தெரியும். வலி மூன்று மாதத்தில் போய்விடும். பயம் போகாது. அறுந்த அன்றைக்குக் கேட்ட சத்தத்தை உடம்பு மறக்காது. நல்ல நார் உள்ளே இருந்தும் வாசற்படி இறங்க முடியாமல் வீட்டோடு உட்கார்ந்துவிட்ட எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் பத்ரி வந்தார். சென்னையில் ஒரு கம்பெனியின் இன்ஜினியர், முப்பது வயதிருக்கும். ஒரு பெட்டியிலிருந்து முட்டியில் மாட்டுகிற உறை இரண்டை எடுத்து வைத்தார். கறுப்பு நிறம், உள்பக்கம் சின்னச் சின்ன வெள்ளிப் பொட்டுகள். ஒன்று நோயாளிக்கு. இன்னொன்று எனக்கு.

"எனக்கு எதுக்குங்க? என் முட்டி நல்லாத்தானே இருக்கு."

"அதனாலதான் மேடம். பயத்தை அழிக்கப் பார்த்தோம், முடியல. கரன்ட் குடுத்து அமுக்கினா மூளை இன்னும் பெருசா கத்துது. அதுக்கு யாராவது பதில் சொல்லணும்."

"என்ன பதில்?"

"வந்துச்சு, பார்த்தேன், ஒண்ணும் இல்லைன்னு. அதை மெஷின் சொன்னா மூளை நம்ப மாட்டேங்குது. ஒரு உடம்பு சொல்லணும். பேஷன்ட் கால்ல கிளம்பற பயம் உங்க காலுக்கு வரும். இந்த மடக்குல ஒண்ணும் ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியும், நீங்க பதற மாட்டீங்க. நீங்க பதறலைங்கறது திரும்பிப் போகும். அவங்க தொடை தளர்ந்துடும். அவ்வளவுதான்."

"சரி. என் காலுக்கு வந்த பயம் எங்க போகும்?"

பத்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருபது நிமிஷத்துல கரைஞ்சுடும் மேடம்."

கேள்வி கேட்டதும் கண்ணாடி துடைக்கிற ஆளை நான் நம்பியிருக்கக் கூடாது. ஆனால் எழுபது டிகிரியில் நின்ற அந்த முட்டி என் மானப் பிரச்சினையாகிவிட்டிருந்தது.

முதல் தடவை உறையை மாட்டிக்கொண்டு, "மடக்குட்டி" என்றேன். அவள் மடக்கினாள். ஏசுவே, அந்த நொடியை எப்படிச் சொல்வது! என் நல்ல முட்டிக்குள் எதுவோ அறுந்துபோகப் போகிறது என்று என் உடம்பு முழுக்கத் தெரிந்தது. வாய் உலர்ந்தது. காதுக்குள் 'டப்' என்று கேட்டது, நான் கேட்டே இராத சத்தம். எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

பதறக் கூடாது. நான் மனதுக்குள் சொதிக் குழம்பு வைக்க ஆரம்பித்தேன். எனக்கு அது கை வந்த வேலை. தேங்காயைத் துருவி, முதல் பால் பிழிந்து தனியே வைத்து, இரண்டாம் பால், மூன்றாம் பால். மூன்றாம் பாலில் காய்கறி வேகும். பிறகு இரண்டாம் பால். முதல் பாலை ஊற்றி, நுரை கட்டும்போது அடுப்பை அணைக்க வேண்டும். நுரை கட்டிய நேரம் என் மூச்சு சீராகியிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் முப்பிடாதி தன் முட்டியையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நூறு டிகிரி! வலிக்கவே இல்லக்கா! லேசா மடங்குது!"

"நூத்தி நாலு," என்றேன், கோணத்தை அளந்துவிட்டு.

அதன்பிறகு கேட்கவா வேண்டும். சைக்கிள், அரை உட்காரல், ஆறு இஞ்ச் பலகையில் ஏறி இறங்குவது, ஒற்றைக் கால் தாவல் என்று ஒன்றொன்றாகத் தாண்டினாள். செய்தி பரவி மற்றவர்களும் வந்தார்கள். சொர்ணம் டீச்சர் பச்சை டைல்ஸ் போட்ட குளியலறையில் வழுக்கி விழுந்தவர். லூர்துசாமி சாரை லாரி இடித்தது, பின்னால் ஹார்ன் கேட்டாலே விறைத்துவிடுவார். ஒரு நாளைக்கு ஆறு பேர், ஏழு பேர். ஆறு மாதத்தில் நாற்பது பேர். நான் ஏழு தடவை சொதி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவேன்.

ஜூலையில் ஒரு காலை, என் வீட்டுக் குளியலறை வாசலில் நின்றுவிட்டேன். உள்ளே சிமென்ட் தரை, சொரசொரப்பு, பத்து வருடமாகக் குளிக்கிற இடம். கால் போகவில்லை. அரை மணி நேரம் நின்றேன். அப்புறம் தரையில் உட்கார்ந்து நகர்ந்து போய்க் குளித்தேன். அடுத்த வாரம் சாலையைக் கடக்கும்போது பின்னால் ஹார்ன் கேட்டது. முட்டி விறைத்து நடு ரோட்டில் நின்றுவிட்டேன். "சாவதுக்கு என் வண்டிதான் கெடைச்சுதா?" என்று டிரைவர் ஏசினார். இருபது நிமிடத்தில் கரைவதாகச் சொன்ன பயம் கரையவில்லை. எனக்குள் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடந்தது.

பத்ரியிடம் சொன்னேனா? சொல்லவில்லை. சொன்னால் உறையைக் கழற்றிவிடுவார்கள். முப்பிடாதியை நடுவில் விட்டுவிட்டு நான் ஒதுங்க வேண்டும். அக்டோபர் மட்டும் முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். தப்புதான். நோயாளி இப்படி ஒளித்தால் காய்ச்சி எடுப்பேன், என்னை ஏச யாரும் இல்லை.

தேர்வு வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை கல்லூரி மைதானத்தில் கடைசி அமர்வு. தொடை பலத்தை அளந்தேன். ஆபரேஷன் செய்த கால் நாற்பது கிலோ, நல்ல கால் நாற்பத்திரண்டு. தொண்ணூற்றைந்து சதவீதம். தொண்ணூறு இருந்தாலே விளையாட விடலாம். அவள் துள்ளிக் குதித்தாள்.

"நான் சொன்னேம்லாக்கா! வாங்க, ரெய்டு ஒண்ணு போய்க் காட்டுதேன்."

இரண்டு பேரும் உறையை மாட்டியிருந்தோம். அவள் நடுக்கோட்டைத் தாண்டி, "கபடி கபடி" என்று மூச்சு விடாமல் பாடிக்கொண்டு ஓடினாள். தாவினாள், திரும்பினாள். அவள் திரும்பிய நொடியில் எனக்கு வந்தது இதுவரை வந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்கிற மாதிரியான பயம். இந்தக் கால் போகப்போகிறது, இந்தப் பிள்ளை விழப்போகிறது, இதோ, இதோ. தேங்காயைத் துருவினேன். முதல் பாலைத் தாண்ட முடியவில்லை.

அப்போது ஒரு யோசனை வந்தது. எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பொறி உண்டு. ஆபரேஷன் செய்த காலை நல்ல காலோடுதான் ஒப்பிடுகிறோம். ஆனால் ஒன்பது மாதம் ஓடாமல் கிடந்ததில் நல்ல காலும் இளைத்திருந்தால்? இளைத்த காலுக்குத் தொண்ணூற்றைந்து சதவீதம் என்றால் அது என்ன கணக்கு? எந்திரம் ஏமாந்துவிட்டது, இவள் கால் தயாராக இல்லை, அதைத்தான் இவள் பயம் என்னிடம் கதறுகிறது. நான் 'ஒன்றும் இல்லை' என்று பதில் அனுப்பினால் வியாழக்கிழமை இவள் நார் மறுபடி அறும். அந்தப் பொய்யை நான் சொல்ல மாட்டேன்.

பதறாமல் இருப்பதை நிறுத்தினேன். வேண்டுமென்றே. உள்ளே இருந்த கதவையெல்லாம் திறந்துவிட்டு, பயப்படு பியூலா, நன்றாகப் பயப்படு என்று விட்டுவிட்டேன்.

முப்பிடாதியின் பாட்டு பாதியில் அறுந்தது. ஓடிய கால் அப்படியே நின்றது. இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா... என்னக்கா இது? யாரோ என்னைப் பிடிச்ச மாரி இருக்கு."

"ஒன் காலு சொல்லுதுட்டி. இன்னும் ரெடியாகல. இந்தத் தடவை விட்டுரு. அடுத்த வருஷம் போவலாம்."

"அடுத்த வருஷம்தான் எனக்குக் கடைசி, அதோட வயசு முடியுதுக்கா."

"கால் போச்சுன்னா வயசை வச்சு என்னட்டி செய்வ?"

அவள் எழுந்தாள். உறையைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மைதானத்தை விட்டு வெளியே போனாள். அவள் சுவரைப் பிடித்தது எனக்கு உறைக்கவில்லை. ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் இருந்தேன்.

அவள் அடங்குகிற பெண்ணா? வியாழக்கிழமை தேர்வுக்குப் போனாள். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் நேராகப் போய்த் தகுதிச் சான்று வாங்கியிருந்தாள். மனது கேட்காமல் நானும் போய்க் கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். நடுக்கோட்டைத் தாண்டிப் பாட ஆரம்பித்தாள். எதிரணிப் பக்கம் குறுக்கே 'பாக்' என்று ஒரு கோடு உண்டு, அதை ஒரு காலாவது தாண்டினால்தான் அது ரெய்டு. மூன்று எட்டு இருக்கும். அவள் ஒரு எட்டு வைத்தாள். நின்றாள். "கபடி கபடி கபடி" என்று அதே இடத்தில் நின்றுகொண்டே பாடினாள். எதிரணிப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நெருங்கக்கூட இல்லை. அவள் தொடை நடுங்குவது வேலிக்கு வெளியே தெரிந்தது. மூச்சு தீர்ந்து பாட்டு நின்றது. நடுவர் கையைத் தூக்கினார். யாரும் தொடாமலேயே அவுட் ஆகி வந்தாள்.

மறுநாள் காலை பத்ரி மடிக்கணினியோடு வந்தார். நாற்காலியில் உட்காரவே இல்லை.

"மேடம், செவ்வாய்க்கிழமைப் பதிவைப் பார்த்தேன். நீங்க கேட்கணும். அந்தப் பொண்ணு பக்கத்துலேர்ந்து ஒண்ணுமே வரல."

"என்ன சொல்றீங்க? நான் செத்துப் பொழைச்சேன்!"

"தெரியுது. அது அவங்க பயம் இல்ல. ஆறு வாரமா அவங்க கால்ல பயமே கிடையாது, நேர்கோடு. அவங்களுக்குச் சரியாயிடுச்சு. வந்ததெல்லாம் உங்களுக்குள்ளேர்ந்து. அன்னைக்கு அது அப்படியே அவங்களுக்குப் போயிருக்கு. நாற்பது பேரோடதும்."

"கரைஞ்சிடும்னு சொன்னீங்களே."

பத்ரி கண்ணாடியைத் துடைக்கவில்லை. "நம்பினோம் மேடம்," என்றார்.

அவர் போனதும் நான் அலமாரியைத் திறந்தேன். ஆபரேஷனுக்கு முன்பே நல்ல காலின் பலத்தை அளந்து நோட்டில் எழுதி வைப்பது என் பழக்கம். இருபது வருடப் பழக்கம். அந்தப் பொறியில் விழாமலிருக்கத்தான் எழுதுகிறேன். முப்பிடாதி, ஜனவரி எட்டு, ஆபரேஷனுக்கு முந்தின நாள், நல்ல கால் இடது, நாற்பத்தொன்று கிலோ. இப்போது நாற்பத்திரண்டு. நல்ல கால் இளைக்கவே இல்லை. அவள் தயாராகத்தான் இருந்தாள். செவ்வாய்க்கிழமை அந்த நோட்டு என் பையில்தான் இருந்தது. ஒரு நிமிடம் எடுத்துப் பார்த்திருந்தால் போதும். பயம் பார்க்க விடவில்லை. என் பயம் அத்தனை நிச்சயமாக இருந்தது.

ஆலங்குளத்துக்குப் பஸ் ஏறினேன். கையில் துணிப்பை, அதற்குள் ஆறு இஞ்ச் பலகை. எதற்கு எடுத்துக்கொண்டேன் என்று கேட்டால் தெரியாது. இறங்கும்போது பின்பக்கமாகத்தான் இறங்கினேன்.

முப்பிடாதி வீட்டுக்குள் பாயில் உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா என்னைப் பார்த்ததும் பீடித் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார். அதைவிடப் பெரிய ஏச்சு வேண்டாம். நான் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டு, நேர்கோடு, வேண்டுமென்றே திறந்துவிட்டது, ஒன்று விடாமல்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கண்ணை மூடித் திறந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கேன். பச்சைக் கலர் டைல்ஸ் யாருக்கா?"

நிமிர்ந்து பார்த்தேன். "ஏன்?"

"கண்ணை மூடினா பச்சை டைல்ஸ்ல தண்ணி கெடக்கு. கால் இறுகிக்கிடுது. எங்க வீட்ல பாத்ரூமே கெடையாது. நான் வாய்க்கால்ல குளிக்கேன்."

"சொர்ணம் டீச்சரோடது," என்றேன்.

"ஹார்ன் சத்தம்?"

"லூர்துசாமி சார்."

"பஸ் படியில பின்னால இருந்து தள்ளுத மாரி ஒண்ணு?"

"அது மகராசின்னு ஒரு நர்ஸம்மா."

ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னேன். இந்தச் சின்ன உடம்புக்குள் என் நாற்பது பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மறுபடி உறையை மாட்டி எனக்கே திருப்பி அனுப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். பதறாத உடம்பு ஒன்று வேண்டும் அதற்கு. அந்த வீட்டில் அப்படி ஒன்று இல்லை.

"அப்போ இதுல உங்க பயம் எதுக்கா?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். நான் எங்கும் விழுந்ததில்லை, எதுவும் அறுந்ததில்லை. "எனக்குன்னு ஒண்ணும் இல்லட்டி. எல்லாம் மத்தவங்களோடது."

"இல்லக்கா, ஒண்ணு மிச்சம் இருக்கு. நீங்க இன்னும் பேர் சொல்லல." அவள் தன் முட்டியில் கை வைத்துக்கொண்டாள். "மத்த பயமெல்லாம் நான் விழுத மாரி இருக்கு. இது மட்டும் வேற மாரி. நான் வெளிய நிக்கேன். மைதானத்துல நானே ஓடுதேன். ஓடுத என்னைப் பாத்து நானே பயப்படுதேன். இந்தா விழப்போறா, இந்தா விழப்போறான்னு. நேத்து கோட்டுல கால் வைக்க விடாம பிடிச்சது அதுதான்க்கா. பச்சை டைல்ஸ் இல்ல, ஹார்னும் இல்ல. யாரோடதுக்கா அது?"

செவ்வாய்க்கிழமை வெளியே நின்று அவள் ஓடுவதைப் பார்த்தது நான் ஒருத்திதான். அதைச் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு அவளே என் பையிலிருந்து பலகையை எடுத்து வாசலருகே தரையில் வைத்தாள். அடுத்த தேர்வுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அவள் சுவரைப் பிடித்து அதன்மேல் ஏறி நின்றாள். ஆறு இஞ்ச் உயரம், ஒரு சாண்கூடக் கிடையாது. அங்கிருந்து கீழே பார்த்தாள். தொடை நடுங்க ஆரம்பித்தது.

"உறை இல்லாம எப்பிடிக்கா?"

"உறைக்கு முன்னால எப்பிடிச் செஞ்சோமோ அப்பிடித்தான். நல்ல காலைக் கீழ கொண்டு வா. மெதுவா. அஞ்சு எண்ணுதேன்."

"அக்கா, எண்ணுதப்போ என்னைப் பாக்காதீங்க," என்றாள். "நீங்க பாத்தா எனக்குப் பயமா இருக்கு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சுவர் பக்கம் திரும்பி நின்றேன். ஒன்று என்றேன். இரண்டு என்றேன். முதுகுக்குப் பின்னால் பலகை ஆடுகிற சத்தம் கேட்டது. திரும்பாமல் மூன்று என்றேன்.